ஊதிப் பார்க்க வந்தவள்

ஒட்டுப்பால் நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே போனால்
ரசலையனின் பட்டறை வந்துவிடும்,
கருங்கலில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொன்னார்கள்.
முன்னால் ரப்பர் ஷீட் புகைபோடும் கொட்டகை,
பின்னால் தகரக் கூரை,
கூரைக்குக் கீழே
உடம்பு வராமல் வாய் மட்டும் வந்துசேர்ந்த பித்தளைகள்.

கைப்பையில் பங்குப் பேரவையின் உறை.
இருபத்திரண்டாயிரம்.
மேலே செயலாளரின் கோணல் எழுத்தில்
'ட்ரம்பெட் ஒண்ணு'.

அவர் ஒரு குழாயை வளைத்துக்கொண்டிருந்தார்.
வளைவில் நசுங்காமலிருக்க
உள்ளே குங்கிலியம் உருக்கி ஊற்றியிருந்தது.
சூடு பட்டதும் பாடற்பூசை வாசம்.
"சுவர்ல தொங்குறத எல்லாம் ஊதிப் பாரு பிள்ளே.
தொடைக்காண்டாம், நான் தொடைச்சுக்கிடுவேன்"
என்றார், திரும்பாமல்.

முதலாவது கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் மின்னியது.
மூன்று வால்வும் வெண்ணெய்.
கீழ் சி வந்தது. இ வந்தது.
மேல் ஜி-க்கு ஏறும்போது காற்று மட்டும் போனது,
பூட்டின வீட்டுக்குள் யாரோ நடக்கிற மாதிரி.

இரண்டாவது கனம்.
வாயோரம் சுத்தியல் தடங்கள் மீன்செதிலாய்.
மேல் ஜி-யில் அதே நடை, அதே பூட்டு.

மூன்றாவதை எடுக்கும்போதே
குறை கண்டுபிடிக்க வந்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டேன்.
"வால்வுல காத்து கசியுது" என்றேன்.
அவர் அரத்தைக் கீழே வைத்தார்.
"பல்லு எப்ப வச்சது?"

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின மாலை
அழகியமண்டபம் திருப்பத்தில்
மணலில் ஸ்கூட்டர் சரிந்ததை
வீட்டில் சொன்னேன்,
கணக்கெழுதும் முந்திரி ஆபீஸில் சொன்னேன்,
பேண்டில் சொல்லவில்லை.
அங்கே முதல் ட்ரம்பெட் நான்.
இரண்டாவது ட்ரம்பெட் ஆன்றோ
இரண்டு வருஷமாக என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
பழைய ட்ரம்பெட்டில் ஓட்டை என்றேன்.
நம்பினார்கள். பணம் பிரித்தார்கள்.

மூலையில் சாக்கு மூடிக் கிடந்ததை
ரசலையன் தூக்கிவந்து என் மடியில் வைத்தார்.
மெருகு போடாத யூஃபோனியம்.
மூட்டெல்லாம் கரி, பற்றவைத்த இடத்தில் வெள்ளைச் சொட்டு.
"விக்கிறதுக்கில்ல. குழித்துறைக்காரன் ஆர்டர்.
சும்மா ஊது."

அகன்ற வாய்க்கிண்ணம். பல்லுக்கு வேலை குறைவு.
ஊதினேன்.
மேஜைமேல் டப்பாவுக்குள் ஆணிகள் அசைந்தன.
ஷீட் திருப்பிக்கொண்டிருந்த பெண்
கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.
விலாவுக்குக் கீழே, சோறு போய்ச்சேரும் இடத்தில்
யாரோ உட்கார்ந்து
ஜெனிட்டா என்று மெதுவாகச் சொன்னமாதிரி.

மறுபடி ஊதினேன்.
மறுபடியும்.
"கொள்ளாம்" என்றார் ரசலையன்.
ட்ரம்பெட்டுக்கு அதைச் சொல்லவில்லை.

ஆனால் எங்கள் யூஃபோனியத்துக்கு
லூர்துமிக்கேல் இருக்கிறார், இறங்கமாட்டார்.
ஆன்றோ இருக்கிறான், ஏறாமலிருக்கமாட்டான்.
உறையில் ட்ரம்பெட் என்றுதான் எழுதியிருக்கிறது.

இவ்வளவையும் நான் சொல்லவில்லை,
பாதியைத்தான் சொன்னேன்.
அவர் இழுப்பறையைத் துழாவி
ஒரு மவுத்பீஸை எடுத்து வேட்டியில் துடைத்தார்.
"விளிம்ப அகலமா கடைஞ்சிருக்கேன்.
ஆறு மாசம் இத மட்டும் ஊது. அறுநூறு ரூவா."
பிறகு,
"பழசுல ஓட்டைன்னா சொன்ன?"
"ஆமா."
"அப்ப அத இங்க கொண்டா.
ஒரு ஓட்டை போட்டுத் தாறேன்."
அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்,
புதுப் பல் தெரிய.

அறுநூறை என் பர்ஸிலிருந்து கொடுத்தேன்.
உறையைப் பிரிக்கவில்லை.

திங்கள்நகர் பஸ்ஸில் ஜன்னலோர இடம்.
கைக்குட்டைக்குள் மறைத்துவைத்து
உதடு ஒட்டி, ஒரே ஒரு தடவை, மெல்லத்தான்.
கீச்சென்று ஏறி
எங்கோ உயரத்தில் போய் நின்றது.

டிரைவர் பிரேக் போட்டார்.
தென்னந்தோப்பு, ஒரு குழாயடி,
யாரும் இறங்கவில்லை.
கண்டக்டர் தன் விசிலைப் பார்த்தார்,
பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

எழுந்துபோய் டிரைவரிடம் கேட்கத்தான் நினைத்தேன்,
அண்ணே,
உங்களை நிறுத்தினது
மேல் ஜி-தானே?